பதினோராம் ஆட்டக்காரர்

1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. எங்கள் வீட்டுத் தமிழ் மாறவில்லை. தெலுங்குப் பதிவேடுகளில் அப்பாவின் பெயரிலிருந்த ழகரந்தான் ளகரமாயிற்று.

திருப்பதியில் கல்லூரியில் பயின்ற தம்பி, விடுமுறைக்கு வந்ததும் நாடுவது கூடத்துக் கணிப்பொறியைத்தான். 2006இன் இறுதியில் வெளிவந்த ‘கிரிக்கெட் 2007’ என்னும் ஆட்டம் அதில் குடிகொண்டிருந்தது. ரிச்சி பெனோவின் வருணனை அடுக்களைவரை கேட்கும். பெயர் உரிமை இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளுக்கே பெறப்பட்டிருந்தமையால், பாவம், நம் வீரர்கள் சிதைந்த பெயர்களோடு ஆடினர்!

ஆர்வலர்கள் ஆக்கியளித்த திருத்தியைக் கொண்டு தம்பி ஒரு கோடையில் அப்பெயர்களையெல்லாம் சீர்செய்தான். பதினோராம் இடத்தில் மட்டும் அப்பாவின் பெயரை இட்டான். ழகரத்திற்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகளையும் விடாமல் இட்டான்.

படிப்பைக் கெடுக்க வந்த பெட்டி என்று அதுநாள்வரை ஏசிவந்த அப்பா, மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு அருகில் அமர்ந்தார். தம் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“முதல் பந்திலேயே என்னை அவுட்டாக்கிவிடாதேடா” என்றார்.

அன்று அவர் எடுத்தவை இரண்டு ஓட்டங்கள்.

தம்பி இப்போது சிட்னியில் இருக்கிறான். அப்பா காலமாகிவிட்டார். பழுதாகிப்போன அந்தக் கணிப்பொறியை விற்க அம்மா இன்னும் இசையவில்லை.