தாயா, சுவீடிஷா?

பிறந்தநாளுக்கு ஒபிஸ் சிநேகிதிகள் நாலு பேர் காசு போட்டு ஒரு ஸ்பா வவுச்சர் வாங்கித் தந்தினம். 60 நிமிடம். கீழே ரெண்டு பெட்டி: தாய், சுவீடிஷ். ஒன்றில சரி போடவேணும். அம்மாட்டச் சொன்னபோது, "தாய் மசாஜ் எண்டால் பிள்ளை பெத்த ஆக்களுக்கோ?" எண்டு கேட்டா. தாய்லாந்து எண்டு விளங்கப்படுத்தும் வரைக்கும் அவவுக்கு அது நல்ல விஷயமாத்தான் இருந்தது. பிள்ளை பெத்தவளுக்கு எண்ணெய் பூசி, மூலிகை அவிச்ச சுடுதண்ணி வார்க்கிற ஊர்தானே எங்கட ஊர். 'ஸ்பா' எண்ட சொல் வந்த பிறகுதான் குரல் மாறிற்று. எங்கட பேப்பரில 'மசாஜ் நிலையம்' எண்ட சொல் வாறதே பொலிஸ் சுற்றிவளைப்புச் செய்தியிலதான். அவவைக் குறை சொல்ல ஏலாது.

எனக்குப் பிடரி நோ. கொம்பியூட்டருக்கு முன்னால ஒன்பது மணித்தியாலம் கதிரையில இருக்கிற எல்லாருக்கும் வாற அதே நோதான். ஆனால் எந்தப் பெட்டியில சரி போடுறது எண்டு யோசிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

முதல் தாய். எண்ணெய் கிடையாது. தரையில மெத்தை போட்டு, தொளதொளத்த உடுப்போட படுக்கவேணும். பெரும்பாலும் பாதத்தில தொடங்கி மேலே வருவினம். பெருவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால் எல்லாத்தாலயும் அமத்துவினம். பிறகு கையைக் காலைப் பிடிச்சு இழுத்து, மடிச்சு, வளைப்பினம். சோம்பேறிகளின்ர யோகாசனம் எண்டு பகிடிக்குச் சொல்லுறது இதைத்தான். உடம்பில 'சென்' எண்டு 10 பிரதான கோடுகள் ஓடுது எண்டது அவையின்ர கணக்கு. உடலை வெட்டிப் பார்த்தால் அப்பிடி ஒரு கோடும் அகப்படாது. எண்டாலும் அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கு. பாங்கொக்கில் இருக்கிற வாட் போ விகாரையை மூன்றாம் ராமா மன்னர் 1832இல் திருத்தத் தொடங்கினபோது, வைத்திய அறிவையெல்லாம் கல்லில வெட்டி, சனம் வந்து பார்க்கட்டும் எண்டு சுவரில பதிப்பிச்சார். எங்கெங்க அமத்தவேணும் எண்டு காட்டுற மனித உருவங்களும் அதில இருக்கு. பரியாரிமார் மகனுக்கு மட்டும் சொல்லிக்குடுத்த இரகசியங்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு வைத்தியத்தைச் சுவரில எழுதி வைச்ச செய்தி பெரிசாப் பட்டது. 2019இல் யுனெஸ்கோ தாய் மசாஜை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சுவீடிஷ் எண்டால் உயரமான கட்டில், எண்ணெய், துவாய். உடுப்பைக் கழற்றி, துவாயால மூடிப் படுக்கவேணும்; செய்யிற பகுதியை மட்டும் திறப்பினம். நீளமாத் தடவுறது, பிசையிறது, ஒரே இடத்தில அழுத்தித் தேய்க்கிறது, தட்டுறது, அதிரவைக்கிறது எண்டு ஐந்து அசைவு. இதில ஒரு பகிடி இருக்கு. இதைத் தொடங்கினவர் எண்டு எல்லாரும் சொல்லுறது 1813இல் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கின பேர் ஹென்றிக் லிங்கை. அவரின்ர வேலை உண்மையில உடற்பயிற்சி, வாள்வீச்சு. அந்த அசைவுகளுக்குப் பிரெஞ்சுப் பேர் வைச்சு ஒழுங்குபடுத்தினது யோஹான் மெட்ஸ்கர் எண்ட டச்சு வைத்தியர் எண்டுதான் வரலாறு எழுதுறவை சொல்லுகினம். சுவீடனிலயே இதுக்குச் 'சுவீடிஷ்' எண்டு பேரில்லை, 'கிளாசிக் மசாஜ்' எண்டுதான் கேக்கவேணும்.

பொதுவா ஒருவர் கேட்டால், இருந்து இருந்து நாரியும் தொடையும் இறுகிப்போனவைக்கு நான் தாய் எண்டுதான் சொல்லுவன். முதல்தரம் போறவைக்கு, மெல்லமாத் தொட்டால் காணும் எண்டவைக்குச் சுவீடிஷ். காய்ச்சல், காலில் இரத்தக்கட்டி, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை, எலும்புத் தேய்வு, வயிற்றில பிள்ளை — இதில ஏதும் இருந்தால் ரெண்டுக்கும் முதல் டொக்டரிட்டக் கேக்கவேணும். கழுத்தை 'டக்' எண்டு திருப்ப வந்தால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. காசு குடுத்திட்டம் எண்டதுக்காகக் கழுத்தைக் குடுக்கத் தேவையில்லை.

என்ர மனம் முதலில போனது தாய் பக்கம்தான். காரணம் உடுப்பு. என்ர இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பீஸ் கிடக்கு. 2009 மாசியில, வன்னியில பட்டது. அப்ப எனக்கு ஒன்பது வயது. எடுக்கப் போனால் வாற சேதம் விட்டு வைக்கிறதைவிடக் கூட எண்டு டொக்டர்மார் சொன்னதால அது என்னோடயே வளர்ந்திட்டுது. மேலே தோல் சுருங்கி, உள்ளங்கை அளவில ஒரு தழும்பு. கொழும்புக்கு வந்த பிறகு முதுகு இறக்கித் தைச்ச சட்டை நான் போட்டதில்லை. தழும்பைக் கண்டால் "என்ன நடந்தது?" எண்டு கேப்பினம். "வன்னி" எண்டு சொன்னால் சிலர் பேசாமல் போவினம், சிலர் கதையைக் கேக்கத் தொடங்குவினம். எனக்கு ரெண்டும் களைப்பு.

உடுப்போட படுத்தால் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சன். பிசியோதெரபிஸ்ட் அக்காட்ட அதைச் சொன்னன். "தெரியாது எண்டதுதான் பிரச்சினை. துணிக்கு மேலால முழங்கை வைக்கிறவளுக்கு அந்த இடம் எது எண்டு எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டா. கையை முதுகுக்குப் பின்னால வளைச்சு இழுக்கிறது எனக்குச் சரிவராது எண்டும் சொன்னா. வெக்கத்தை மூடுற அதே துணி காயத்தையும் மூடுது. அதை எனக்கு முதல் ஒருத்தரும் சொல்லேல்ல.

சுவீடிஷில சரி போட்டன். போட்ட பிறகு போன் எடுத்து, உள்ளுக்க இப்பிடி ஒண்டு இருக்கு எண்டு சொன்னன். வரவேற்பில இருந்த பிள்ளை கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு "எந்த ஊர்?" எண்டு கேட்டது. ஊருக்கும் முதுகுக்கும் என்ன தொடர்பு எண்டு கேக்க வாய் வந்தது, கேக்கேல்ல. டொக்டரின்ர துண்டு கொண்டுவரச் சொன்னது. அது நியாயம், கொண்டுபோனன்.

மசாஜ் செய்தவ அம்மா வயதில ஒரு சிங்களப் பெண். நான் கவிண்டு படுத்திருக்க, துவாயை இடுப்புவரைக்கும் இறக்கினா. அந்தக் கொஞ்ச நேரம் பிடரியைவிட வயிறுதான் எனக்கு இறுகினது. அவ கேள்வி ஒண்டும் கேக்கேல்ல. தழும்பைச் சுத்தி விரலால ஒரு வட்டம் போட்டு, "இந்த அளவு விட்டால் காணுமா?" எண்டு மட்டும் சிங்களத்தில கேட்டா. இன்னும் கொஞ்சம் எண்டன். சின்னத் துவாய் ஒண்டை நாலா மடிச்சு அந்த இடத்தில வைச்சா. அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலமும் அவவின்ர கை அந்தத் துவாய்க்குக் கிட்ட வந்து, வளைஞ்சு, போய்க்கொண்டிருந்தது. பாதி நேரம் நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தன். மற்றப் பாதி நித்திரை.

பிடரி ரெண்டு நாள் சுகமா இருந்தது. மூண்டாம் நாள் பழையபடி. பிசியோ அக்கா தந்த பயிற்சியை ஒழுங்காச் செய்தால்தான் நோ போகும், மசாஜ் அதுக்கு ஒரு துணைதான். வவுச்சர் இல்லாமல் திரும்பப் போறதெண்டால் என்ர ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு வேணும். சம்பளம் வரட்டும், பாப்பம். அவவின்ர பேரைக் கேட்டு எழுதி வைச்சிருக்கிறன்.