ஹந்தானையின் அடிவாரத்தில்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ளது கெலிஓயா. அதன் கிழக்கே ஹந்தானை மலைத்தொடர் பசுமை பூண்டு நிற்கிறது. ஆயினும், அப்பசுமை முழுவதும் தொல்காடு அன்று. கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடு அழிந்தது. கைவிடப்பட்ட தோட்டங்களில் மானாப்புல் மூடியது. பின்னர் கரிபியன் பைன் மரங்கள் நடப்பட்டன.

வறட்சிக்காலத்தில் மனிதர் இடும் தீ, காய்ந்த பைன் ஊசிகளிலும் புல்லிலும் விரைந்து பரவுகிறது. இளங்கன்றுகள் மடிகின்றன, புல்லோ வேரிலிருந்து மீண்டும் தழைக்கிறது. காடு திரும்பும் வழி இவ்வாறு அடைபடுகிறது. புவி வெப்பமுற, வறட்சியும் பெருமழையும் கடுமையாகும். 2025 நவம்பரில் டித்வா புயல்மழையால் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்ததை மறக்கலாகுமோ?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், பைன் வரிசைகள் சிலவற்றை அகற்றி, ஆய்வாளர் நட்ட நாட்டு மரக்கன்றுகள் தழைத்தன. தீயைத் தடுப்போமாயின், ஹந்தானையிலும் காடு மீளக்கூடும்.