கயிற்றின் இரண்டு முனைகள்

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் யாரும் சங்கு குளிக்கப் போவதில்லை. கடல் கலங்கிக் கிடக்கும். தெரு மணல் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். எங்கள் தாத்தா வாய் திறப்பது அந்த நாட்களில்தான். ஆழம் அவர் காதுகளைச் சின்ன வயதிலேயே பாதி வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் அவர் சொல்வது தெருமுனை வரை கேட்கும்.

எதிரே மாமாத் தாத்தா உட்கார்ந்திருப்பார். பாட்டியின் தம்பி. முத்துக்குளிப்பில் தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் அவர்தான். குளிக்கிறவன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள். அக்காள் தாலி அவன் பிடியில் இருக்கிறதே, தூங்கிவிடுவானா? கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு மச்சினனை நம்பிய நம் பெரியவர்கள் விவரமானவர்கள்.

1955 முதல் சில வருடங்கள் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. 1961-தான் கடைசி. அந்தக் குளிப்புகளில் எத்தனையோ முறை இருவரும் கடலுக்குப் போயிருப்பார்கள். ஆனால் வருடா வருடம் சொன்னது ஒரே ஒரு முங்கலைத்தான்.

தாத்தா கல்லில் கால் வைத்து, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். கல் தரை தட்டுகிறது. காலை எடுத்ததும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்கிறார். இதுவரை இருவருக்கும் ஒரே கதை. பிறகுதான் பிரியும்.

“பார் முழுக்கச் சிப்பி. அள்ளப் போறேன், பக்கத்துல ஒரு திருக்கை மணலுக்குள்ள படுத்துக் கிடக்கு. அது எழும்பிப் போற வரைக்கும் அசையாம இருந்தேன்.” இது தாத்தா.

“திருக்கைய யாரு கண்டா? அத்தான் கயித்த ஆட்டவே இல்ல. ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கிட்டே இருந்தேன். நாலு முடிஞ்சு அஞ்சாவது பாதியில இழுத்துட்டேன்.” இது மாமாத் தாத்தா.

“பை பாதிகூட நெறையல மாப்ளே!”

“பையா பெருசு? எங்க அக்காளுக்கு யாரு பதில் சொல்றது?”

பக்கத்து வீட்டில் ஒரு தண்டல் இருந்தார். தோணித் தலைவராகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். அவர் கதைகளில் புயல் அதிகம், ஆள் குறைவு. எனக்கு ஒட்டவில்லை. தோணிக்காரர்களுக்காவது 2009-இல் ஜோ டி குருஸின் ‘கொற்கை’ வந்தது, சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியது. கயிறு பிடித்தவரின் கதை எங்கள் திண்ணையோடு சரி.

அள்ளி வந்த சிப்பியில் குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கியவர் பாடு. தாத்தாவும் தம் பங்கை மூடியபடியே கரையில் விற்றுவிட்டு வந்தவர். பை நிறையவில்லை என்று அத்தனை வருடம் சண்டை போட்ட இருவரும் அந்தப் பையிலிருந்து ஒரு முத்தைக்கூடப் பார்த்ததில்லை.

பாட்டியிடம் இன்னொரு கதை இருந்தது. அதில் திருக்கையும் இல்லை, கயிறும் இல்லை. வாங்கிய சிப்பியைச் சதை அழுகும்வரை போட்டு வைத்துத்தான் கழுவி முத்து எடுப்பார்கள். அப்போது என் அப்பா பாட்டியின் வயிற்றில். “கரைக்காத்து திரும்புனா போதும், ஈ மொய்க்கும். அந்த நாத்தத்துல ஒரு வாய் சோறு எறங்கல. இவங்க ரெண்டு பேரும் என்னமோ கடலுக்குள்ளதான் கஷ்டப்பட்டாங்களாம்,” என்பாள். அவள் பேச ஆரம்பித்தால் இருவரும் பீடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

தாத்தா போன பிறகு மாமாத் தாத்தா ஆடி மாதங்களில் வருவதை நிறுத்தவில்லை. இப்போது திருக்கையையும் அவரே சொன்னார், வாலின் நீளம் உட்பட, கூட முங்கியவர் மாதிரி. ஜெபத்தின் எண்ணிக்கையும் வருடத்துக்கு வருடம் ஏறியது. ஒருமுறை, “ஏழு முடிஞ்சு எட்டாவது சொல்றேன்...” என்று என் தம்பி மகனிடம் ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து பாட்டி குரல் கொடுத்தாள்: “ஏலே, அஞ்சுதான். எட்டுன்னா அந்த மனுசன் அங்கேயே செத்திருப்பாரு.”