அக்குளில் ஒரு சதுரம்

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்தை விரலால் கிள்ளுவது அரிதாகிவிட்டது. பெரிய கத்தரி வந்துவிட்டது. சரிவு குறைந்த இடங்களில் இருவர் பிடித்து நகர்த்தும் இயந்திரமும் வந்துவிட்டது. அதோடு சட்டை கிழியும் இடமும் மாறிவிட்டதாம். முன்பெல்லாம் செடி கீறி முழங்கைக்குக் கீழேதான் நூல் விடும். கத்தரி பிடித்தால் நாளெல்லாம் இரு கையும் விரிந்து மூட வேண்டும். அக்குள் தையல் பிரிகிறது. இதை எனக்குச் சொன்னவள், எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்.

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், அத்தை வீட்டு முன்னறையில் இருக்கிறது அவளுடைய தையல் மெஷின். ரஸ்ஸல் என்பவர் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மலைத் தேயிலையில் தமிழர் உழைப்பு உண்டு. இன்று அதே சரிவுகளில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். அத்தை தைப்பது ரவிக்கைதான். மருமகளுக்கோ வேலைச் சட்டைமேல் கண்.

தன் பழைய பள்ளிச் சீருடையான பாஜு குரோங் என்ற மலாய் நீளச் சட்டையை அவள் பிரித்துப் போட்டுக் காட்டினாள். அதன் மரபான வெட்டில் கையும் உடலும் சேரும் இடத்தில் சின்னச் சதுரத் துண்டு ஒன்று வரும். மலாய்க்காரர்கள் அதைக் கெக்கெக் என்பார்கள். அது இருந்தால் கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறாது. இழுவை ஒரே தையலில் விழாது. அதே சதுரத்தை அத்தையின் முழுக்கைச் சட்டையில் வைத்துத் தைத்திருக்கிறாள்.

"அளவு எப்படிம்மா எடுத்தே?"

"அத்தைய கத்தரி பிடிச்ச மாதிரி நிக்கச் சொல்லி எடுத்தேன்க்கா. கையத் தொங்கப் போட்டு எடுத்தா இதெல்லாம் தெரியாது."

துணியோடு இந்த மலையைச் சேர்த்துப் பேசினால் எல்லோரும் சொல்வது, தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன ஜிம் தாம்ப்சனைத்தான். 1967 மார்ச் 26 அன்று இங்கே தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை. சுற்றுலாக்காரர்களுக்கு அந்த மர்மம் போதும். எனக்கென்னவோ இந்தச் சட்டைதான் சுவாரசியமாக இருந்தது.

அவள் நோட்டில் ஆடை வடிவமைப்பாளர் பெர்னார்ட் சந்திரன் படம் ஒட்டியிருக்கிறது. பாரிஸில் படித்தவர், பாஜு குரோங்கைப் புதிதாக வெட்டிப் பெயர் வாங்கியவர். இவளுக்குப் பாரிஸ் கனவெல்லாம் இல்லை. ஷா ஆலாமில் உள்ள மாரா பல்கலைக்கழகம் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கானது. கோலாலம்பூர்த் தனியார் கல்லூரிக் கட்டணம் தோட்டச் சம்பளத்துக்கு எட்டாது. சமூகக் கல்லூரியின் ஆடைச் சான்றிதழ் படிப்புதான் கைக்கெட்டும் வழி. நேர்முகத்துக்கு என்ன எடுத்துப்போவாய் என்றேன். பளபளக்கும் கவுன் வரைபடங்களை நீட்டினாள். இவை எல்லோரும் வரைபவைதான், அந்தச் சட்டையை எடுத்துப் போ என்றேன். முகத்தைச் சுளித்தாள். "வேலைச் சட்டையா அக்கா?"

அதற்குள் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் வாசலுக்கு வந்தார். கைப்பேசி நனையாமலிருக்க உள்பை வேண்டுமாம், இடுப்பருகே. இருவரும் மலாயில் வாதாடினார்கள். இடுப்பில் வைத்தால் கத்தரி இடிக்கும் என்று அவள் சுண்ணக்கட்டியை எடுத்து நெஞ்சோரமாகக் குறித்துவிட்டாள்.