மறு கண்

றொசல்லப் புகையிரத நிலையத்தில் மழை ஓயக் காத்திருந்தபோது, கனடாவிலிருந்து வந்திருந்த என் பால்ய நண்பன் தன் வேட்டை அனுபவம் ஒன்றைக் கூறினான். இலக்குச் சுடும் போட்டிக்குரிய தொலைநோக்கியைத் தன் வேட்டைத் துப்பாக்கியிற் பொருத்தினானாம். 24 மடங்கு பெருக்கிக் காட்டுவது அது. ஆனால் 100 கஜத் தொலைவில் நாலைந்து அடிப் பரப்பே அதனுள் அடங்கும். மான் சற்று நகர்ந்தால் மறைந்துவிடும். அந்தி மயங்கினால் மெல்லிய குறுக்கிழையும் மங்கிவிடும்.

"மானின் இமைகூடத் தெரிந்ததடா! மறு கண்ணைத் திறந்தபோதுதான் அதற்கப்பால் ஒரு மனிதன் நிற்பதைக் கண்டேன். அன்றே அதைக் கழற்றிவிட்டேன்" என்றான்.

நான் வேட்டை அறியாதவன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது. 1845இல் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டாரெனக் கணக்குச் சொல்கிறார்கள். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் வேட்டை நூல் 1854இல் வெளிவந்தது. அக்காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்து, வழியிலேயே மடிந்த நம் முன்னோருக்குச் சரியான கணக்கு ஏது? 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்கு இரையான தொழிலாளி கோவிந்தனின் பெயரை என் வகுப்பிற் பாதிப்பேர் அறியார்.

யானை தெரிந்தது; மனிதன் தெரியவில்லை. நாமும் அந்தக் குறுகிய கண்ணாடி வழியேதான் வரலாற்றைப் படித்து வந்திருக்கிறோம். மறு கண்ணைத் திறக்கக் கற்பிக்காத கல்வி என்ன கல்வி?