நடுவில் முடியும் தையல்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனத்தவர் வீடுகளில் பீரோ இருக்கிறதோ இல்லையோ, மடித்து அடுக்கிய கவந்திகள் இருக்கும். பழம்புடவை, லுங்கி, கிழிந்த பள்ளிச் சீருடை, தையற்கடையில் கழித்த ரவிக்கைத் துண்டு என எல்லாவற்றையும் ஒட்டிக் கையால் தைத்த விரிப்பு அது. பாய்மேல் போட்டுப் படுக்கவும் அதுதான், குளிருக்குப் போர்த்தவும் அதுதான். பிள்ளைக்குச் சின்னதாக ஒன்று, புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்று, குழந்தைகள் எல்லாம் வரிசையாகப் படுக்கப் பெரிதாக ஒன்று. யார் யார் படுப்பார்கள் என்பதுதான் அளவு.

ஹூப்ளியில் பேருந்து பிடித்து முண்ட்கோடு போய், அங்கிருந்து காட்டை ஒட்டிய ஒரு கிராமத்துக்குப் போனேன். அறுவடை முடிந்து, மழை இன்னும் பிடிக்காத நேரம். ஜூனில் மழை இறங்கிவிட்டால் வயலும் நாற்றும் பெண்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். அதன்பிறகு பாக்குத் தோட்டத்துக் கூலி வேலை. இடையில் கிடைக்கிற இந்த வெயில் நாட்களில்தான் திண்ணைக்குத் திண்ணை ஊசி ஓடுகிறது. எல்லாப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கூட வந்தார். நாங்கள் போன வீட்டில் பேசிய கொங்கணியை அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்த்துக்கீசியர் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களில் தப்பி ஓடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒண்டியவர்களின் வழிவந்தவர்கள் இங்கே நிறைய. எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு வட்டங்களில் இந்துவாக, கிறிஸ்தவராக, முஸ்லிமாக மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் 2003இல்தான் சேர்க்கப்பட்டார்கள். கவந்தி மூன்று மதத்தார் வீட்டிலும் ஒன்றுதான். கிறிஸ்தவப் பெண் தைத்ததில் சிலுவை இருக்கலாம், முஸ்லிம் பெண் தைத்ததில் பிறை இருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் போனபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பாதி முடிந்த கவந்தி. எதிர் மூலையில் மருமகள். தறியோ சட்டமோ எதுவும் இல்லை. சாக்பீஸ் கோடும் இல்லை, மாதிரி வரைந்த தாளும் இல்லை. பெரிய ஊசி, தடித்த வெள்ளை நூல், பக்கத்தில் ஒரு துணி மூட்டை.

அடியில் போட்டிருந்தது ஒரு பருத்திப் புடவை. அதன் ஒரு மூலையில் முதல் ஒட்டை வைத்து, ஓரத்தை நகத்தால் உள்ளே மடித்துக் கொண்டு, அடித்துணியும் மேல்துணியும் சேரும்படி நூலோட்டுகிறார்கள். அடுத்த ஒட்டு முதல் ஒட்டின் விளிம்பை மூடிக்கொண்டு உட்காரும். இப்படி நாலு ஓரத்தையும் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டதும், ஒரு விரலகலம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. முந்தின சுற்றுத் தையல்தான் அடுத்ததற்கு வழிகாட்டி. சுற்றச் சுற்ற இடம் குறுகி, வேலை நடுவில் போய் முடியும். சில வீடுகளில் நடுவிலிருக்கும் கடைசி ஒட்டை மூடுமுன் இரண்டு மூன்று அரிசி மணிகளை உள்ளே வைக்கிறார்கள். வயிறு காலியாக இருக்கக் கூடாதாம்.

அமெரிக்காவில் ‘குயில்ட்’ என்ற ஒட்டுப் போர்வை தைப்பவர்களின் வழக்கம் வேறு. மேல்துணியைத் துண்டு துண்டாய் இணைத்துத் தனியாக முடித்துவிடுவார்கள். பிறகு நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி என மூன்றையும் அடுக்கி மறுபடி தைப்பார்கள். மேல்துணி முடிந்ததும் தரையில் விரித்து, தள்ளி நின்று பார்த்து, பிடிக்காததைப் பிரித்து மாற்றலாம். கவந்தியில் அந்த வசதி கிடையாது. ஒட்டுவதும் இறுக்குவதும் ஒரே நூலில் நடப்பதால், மூன்றாவது சுற்றுக்குப் போனபிறகு முதல் சுற்று நிறத்தை மாற்ற முடியாது. வைத்தது வைத்ததுதான்.

அதனால்தான் அந்த அக்கா தைத்த நேரத்தைவிட யோசித்த நேரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மஞ்சள் பட்டை ஒன்றை எடுத்துப் பச்சைச் சீருடைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எடுத்துவிட்டார். மூட்டையைக் கிளறி, விரல் தடிமன் சிவப்பு நாடா மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டுக்கும் நடுவில் செருகினார். மஞ்சள் திரும்ப வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “அது ரெண்டும் சண்டை போடுது” என்றார். மருமகள் சிரித்தாள். அவள் தையல் கொஞ்சம் நீளம், அக்காவினுடையது நெருக்கம். இரண்டு கை சேர்ந்த இடத்தைத் துணியில் விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

கவந்தியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் மெச்சுவது சிக்கனத்தை. கழித்துப் போட்ட துணியை வீணாக்காமல் பயன்படுத்துகிறார்களே என்பார்கள். எனக்கு இந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. சிக்கனம் மட்டும் என்றால் பெரிய பெரிய துண்டாக வைத்து இரண்டே நாளில் முடித்திருக்கலாம். அந்த மூட்டையில் அக்கா ஒதுக்கி வைத்த துணி, சேர்த்த துணியைவிட அதிகம். நாலு மூலையிலும் ‘பூலா’ என்று ஒன்று வைக்கிறார்கள்: சின்னச் சதுரங்களை முக்கோணமாய் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கித் தைக்கும் பூ. குளிருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அது இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கும் என்கிறார்கள். ஏழைகளின் கைவேலை என்று பெயர் வைத்துவிட்டால் இந்தக் கலைக் கண்ணை நாம் பார்க்காமல் போய்விடுகிறோம்.

வட கர்நாடகம் முழுக்க ‘கௌதி’ என்ற ஒட்டுத்துணி விரிப்பு உண்டு. கூலிக்கு வீடு வீடாகப் போய்த் தைத்துக் கொடுக்கும் பெண்களும் உண்டு. ஆகவே ஒட்டுத்தையல் சித்திகளுக்கு மட்டும் உரியதல்ல. அப்படியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று சொல்லவும் நான் தயங்குவேன். நிறத்தை நிறத்தோடு மோதவிடும் துணிச்சல் மட்டும் இவர்களுடையது. ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் இங்கே வந்து, பெண்களோடு சேர்ந்து கவந்திகளுக்கு வெளியே சந்தை தேடினார். 2011இல் நியூயார்க், ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் மையத்தில் கண்காட்சியும் நடந்தது. படுக்கையில் கிடந்தது சுவர் ஏறியது.

சந்தை வந்ததும் அதன் தொல்லைகளும் வந்தன. நகரத்து வியாபாரி ஒருவர் நீலமும் பழுப்புமாய் அச்சிட்ட புதுத்துணியைக் கட்டாக அனுப்பி, அதில் மட்டும் தைக்கச் சொன்னாராம். “உப்பை மட்டும் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொன்ன கதை” என்றார் அக்கா. இன்னொன்று இதைவிட மோசம். அதே ஆள் டேப்பை வைத்து நீள அகலம் அளந்து, அடிக் கணக்கில் காசு கொடுத்தாராம். நெருக்கமாய்த் தைத்ததற்கும் எட்ட எட்டத் தைத்ததற்கும் ஒரே விலை. அப்புறம் யார் நெருக்கித் தைப்பார்கள்? மருமகளின் நீளத் தையலுக்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

துணியும் மாறிவிட்டது. அடியில் போடப் பருத்திப் புடவை கிடைப்பது குறைவு. பாலியஸ்டர் ஊசிக்கடியில் வழுக்குகிறது; மடித்த ஓரம் மடிந்தபடி நிற்பதில்லை; வேர்வையை இழுப்பதில்லை. சந்தையில் விற்கிற மில் கம்பளி ஒன்றின் விலைக்கும், ஒரு மாதம் மடியில் கிடந்த கவந்தியின் கூலிக்கும் பொருத்தமே இல்லை. அதனால் வீட்டுக்குத் தைப்பது குறைந்து, கேட்டவருக்குத் தைப்பது கூடியிருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கவந்தியைக் கையில் எடுத்ததும் புரட்டிப் பாருங்கள். முன்பக்கத்து நிறங்கள் கண்ணைக் கட்டிவிடும். பின்பக்கத்தில் ஒரே புடவையும் வெறும் தையலும்தான் இருக்கும். வரிகள் எவ்வளவு நெருக்கம், சுற்று எங்கே போய் முடிகிறது, எத்தனை கை தைத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். அதைப் பார்த்தபிறகு, தைத்தவர் சொல்கிற விலையைக் குறைக்காமல் கொடுங்கள். முதல் தடவை தனியாகத் துவையுங்கள், சாயம் போகும்.