திருவனந்தபுரத்துச் செங்கற் சுவர்கள்

வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டுவது எத்துணைக் கடினம் என்பதை உணர்த்தவே அவ்வாறு கூறினர். ஆனால், கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை இக்காலத்தில்தான் நாம் நன்கு உணர்ந்து வருகிறோம். வீடு தன் உரிமையாளரிடம் இருமுறை பணம் கேட்கிறது. கட்டும்போது மொத்தமாகக் கேட்கிறது. அதன்பின், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கட்டணமாக, அது நிற்கும் காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதற்செலவைக் குறைக்க எண்ணி இரண்டாம் செலவைக் கூட்டிக்கொள்வோர் உண்டு. அயலார் மெச்ச வேண்டும் என்று இரண்டையுமே கூட்டிக்கொள்வோரும் உண்டு.

வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் இதைக் கண்ணால் காண்கின்றனர். முன்னறையில் பளிங்குத் தரை மின்னும். வீட்டுத் தாயின் கழுத்துச் சங்கிலியோ அடகுக் கடையில் இருக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவெல்லாம் அந்த வெப்பத்தை அறைக்குள் இறக்கும். சித்திரை மாத இரவில் குழந்தைகள் உறங்க மாட்டாமல் அழும். அடுத்த ஆண்டே தவணை முறையில் ஏ.சி. இயந்திரம் வந்து சேரும். வீட்டுக் கடனோடு அந்தக் கடனும், அதனோடு மின்கட்டணமும் சேர, மாதச் சம்பளம் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும். குடும்ப அமைதி குலைவதற்கு இத்தகைய கடன்சுமை காரணமாவதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறேன்.

ஆகவே, வீடு கட்ட எண்ணியிருந்த மூன்று குடும்பத் தலைவர்களோடும், நாற்பது ஆண்டுகள் கரண்டி பிடித்த கொத்தனார் ஒருவரோடும் அண்மையில் திருவனந்தபுரம் சென்று வந்தேன். அங்கே லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பிய கட்டடங்களைப் பார்ப்பதே எங்கள் நோக்கம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரயில் வழியில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நிலையங்கள் கடக்கையில், சன்னல் வழியே வீடுகளைப் பார்த்துக்கொண்டே சென்றோம். தென்னைகளுக்கும் பலா மரங்களுக்கும் இடையே பழைய ஓட்டு வீடுகள் தாழ்ந்த இறவாரத்தோடு நிழலில் அமர்ந்திருந்தன. அவற்றின் அருகிலேயே, மரங்களை வெட்டிய வெற்றிடத்தில், புதிய கான்கிரீட் வீடுகள் வெயிலில் நின்றன. முன்னவை மழையையும் வெயிலையும் அறிந்தவர் கட்டியவை. பின்னவை படத்தைப் பார்த்துக் கட்டியவை என்றார் எங்கள் கொத்தனார்.

லாரி பேக்கர் 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு புரிந்தார். அங்கிருந்து தாயகம் திரும்பும் வழியில், 1943-இல், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டத் தேவையான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1945-இல் இந்தியா வந்து, தொழுநோயாளர் இல்லங்களின் கட்டடப் பணியில் ஈடுபட்டார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தபின் கேரளம் வந்தார். திருவனந்தபுரத்தில் மலங்கரை கத்தோலிக்கப் பேராயராக இருந்த பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஆண்டகை, ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டித்தர அவரை ஊக்குவித்தார். 2007-இல் மறையும்வரை பேக்கர் அந்நகரிலேயே வாழ்ந்தார்.

தம்பானூரில் இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், பேருந்து நிலையத்தை அடுத்து, அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் கண்ணில் படுகிறது. செந்நிற உருளை போன்ற கட்டடம். உள்ளே படிகள் இல்லை. சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரே சாய்தளம். அதன் ஓரமாக மேசைகள். சுவரெங்கும் சிறு சிறு துளைகள். அவற்றின் வழியே ஒளியும் காற்றும் வந்துகொண்டிருந்தன. காபி அருந்திக்கொண்டே கொத்தனார் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். “இதிலே சன்னல் சட்டமும் இல்லை, கம்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை சாமி. ஆனா சன்னலோட வேலை நடக்குது” என்றார்.

அங்கிருந்து சிறீகாரியம் சென்று, இயேசு சபையாரின் லொயோலா வளாகத்தில் 1970-களின் தொடக்கத்தில் பேக்கர் எழுப்பிய சிற்றாலயத்தைக் கண்டோம். உயர்ந்த செங்கற் சுவர் தனித்து நிற்க வலிமை வேண்டுமல்லவா? அதற்காகக் கான்கிரீட் தூண்களை நாடாமல், இரு சுவர்களை இடைவெளி விட்டு எழுப்பி, குறுக்கே செங்கற்களாலேயே பிணைத்திருக்கிறார். இரண்டு சுவர்களிலும் துளைகள் உண்டு. பெரியதோர் மண்டபமாயினும் உள்ளே புழுக்கம் இல்லை. பகலில் விளக்கு எரிய வேண்டிய தேவையும் தோன்றவில்லை.

உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தில்தான் நெடுநேரம் தங்கினோம். பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் நிறுவிய இம்மையத்தின் கட்டடங்கள் ஒரு குன்றின் சரிவில், மரங்களை இயன்றவரை வெட்டாமல், நிலத்தின் மேடு பள்ளத்தை ஒட்டியே அமைந்துள்ளன. கணினிக் கூடத்துக்கு இரட்டைச் சுவர், வெளிச்சுவர் துளைச்சுவர். வெயில் வெளிச்சுவரோடு நின்றுவிட, உட்சுவர் நிழலில் இருக்கிறது. ஒரு குளத்தின் அருகே உயர்ந்த துளைச்சுவரை எழுப்பி, நீரைத் தழுவி வரும் குளிர்ந்த காற்றைக் கட்டடத்துக்குள் இழுக்கவும் வழி செய்திருக்கிறார். மின்கட்டணம் என்னும் இரண்டாம் செலவு கொத்தனாரின் நூல்குண்டிலேயே தொடங்குகிறது என்பதை நாங்கள் அங்கேதான் தெளிவாக உணர்ந்தோம்.

கண்டவற்றையெல்லாம் நம் வீடுகளுக்கு அப்படியே கொண்டுவரலாமா? திரும்பும் வழியில் இதையே பேசினோம். வாசகர்களுக்கும் அந்தக் கணக்கைத் தருகிறேன்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை இது. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவருக்கு 1000 செங்கல் வேண்டுமானால், இதற்கு ஏறத்தாழ 750 போதும், கலவையும் மிச்சமாகும். நடுவிலுள்ள வெற்றிடம் வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால், செங்கல்லில் நான்கில் ஒரு பங்கு மிச்சமென்றால், வீட்டுச் செலவிலும் நான்கில் ஒரு பங்கு மிச்சம் என்று எண்ணிவிடலாகாது. மொத்தச் செலவில் செங்கல் ஒரு சிறு பகுதியே. கூரை, தரை, கதவு, குழாய், கம்பி, கூலி யாவும் அப்படியே இருக்கும். மேலும், முனை மழுங்காத, அளவொத்த செங்கல் வேண்டும். மின்கம்பி செல்லும் வழியை முன்னரே முடிவு செய்தல் வேண்டும். பிறகு சுவரை வெட்ட இயலாது. இம்முறையில் பழகாத கொத்தனாரிடம் ஒப்படைத்தால், செங்கல்லில் மிஞ்சிய பணம் கூலியில் போய்விடும். திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் பேக்கர் பெயரால் இயங்கும் வாழ்விட ஆய்வு மையம் இத்தகைய பயிற்சிகளை அளித்து வருகிறது. நம் ஊர்க் கொத்தனார் ஒருவரைச் சில நாள்கள் அனுப்பிப் பழகச் செய்வது, பல வீடுகளுக்குப் பயன் தரும்.

இரண்டாவது, ஓடு பதித்த கான்கிரீட் கூரை. ‘ஃபில்லர் ஸ்லாப்’ என்று பொறியாளர் வழங்குவர். கூரைத் தளத்தின் மேற்பகுதிக் கான்கிரீட்டே அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. ஆகவே, கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினால் கான்கிரீட் குறையும், பளு குறையும், வெப்பமும் சற்றே குறையும். “ஓட்டைத் தண்ணியிலே ஊறப் போட்டுத்தான் வைக்கணும் சாமி. இல்லேன்னா கான்கிரீட்டு ஈரத்தை அது குடிச்சிரும்” என்று கொத்தனார் எச்சரித்தார். கம்பியின் கணக்கைப் பொறியாளரே எழுதித் தர வேண்டும். கூரை விஷயத்தில் கைக்கணக்கு ஆகாது.

மூன்றாவது, துளைச்சுவர். காற்று வரும் வழியில் கொசுவும் தூசியும் வரும், சாரலும் அடிக்கும். படுக்கையறைக்கு வலை இன்றி இது பொருந்தாது. படிக்கட்டு, முன் திண்ணை, சமையலறையின் மேற்பகுதி ஆகிய இடங்களுக்கு மிகவும் ஏற்றது.

இனி, மின்சாரம். வீட்டின் மேல் சூரிய மின்தகடு வைக்கலாமா என்று பலரும் வினவுகின்றனர். 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும்; நிழல் படாத 10 சதுர மீட்டர் இடம் கேட்கும். 2024-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் என வகுக்கப்பட்டது. நல்ல உதவிதான். எனினும், யாருக்கு என்பதை எண்ணுதல் வேண்டும். தமிழக அரசு 2016-இல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு கட்டணமின்றி வழங்கலாயிற்று. அத்தகைய சலுகையின் எல்லையை ஒட்டியே செலவிடும் சிறு குடும்பம், தகட்டுக்காகக் கடன் வாங்கினால் வட்டிதான் மிஞ்சும். 400, 500 அலகு செலவிடும் குடும்பத்துக்கோ 2 கிலோவாட் தகடு பெரிதும் கைகொடுக்கும்.

வேறொன்றும் அறியத் தக்கது. மின்கலம் இன்றி வாரியத்தின் கம்பியோடு இணைக்கப்படும் தகடு, மின்தடை நேரும்போது தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. தடையின்போதும் விளக்கு வேண்டுமெனில் மின்கலம் வேண்டும். அதற்குத் தனி விலையும், சில ஆண்டுகளில் மாற்றும் செலவும் உண்டு. கடலோர மக்கள் துருவையும் காற்றையும் மறக்கலாகாது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலைக் கண்ட குமரி மாவட்டத்தாருக்கு, கூரையின்மேல் வைக்கும் எதையும் இறுகப் பிணைக்க வேண்டும் என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தகட்டுக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; பி.எல்.டி.சி. எனப்படும் புதிய விசிறி 30 வாட் அளவிலேயே சுழலும். நாளுக்கு 12 மணி நேரம் சுழலும் விசிறி ஒன்றை மாற்றினால், இரு மாதங்களில் 32 அலகு மிச்சம். மூன்று விசிறிகளுக்கு 97 அலகு. இதற்கு மாறாக, 1.5 டன் ஏ.சி. இயந்திரம் மணிக்கு 1 முதல் 1.5 அலகு வரை இழுக்கும். இரவு 8 மணி நேரம் ஓடினால் 8 முதல் 12 அலகு. அந்த ஓர் இயந்திரத்துக்கு ஈடுகட்டவே 2 அல்லது 3 கிலோவாட் தகடு வேண்டும். சூரியனைத் தடுக்க மறந்து கூரையைச் சுட விடுகிறோம். பிறகு அந்தச் சூட்டை விரட்டச் சூரியனிடமே மின்சாரம் வாங்குகிறோம். மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம், அகன்ற இறவாரம், மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு இவை முதலில் வரட்டும். எஞ்சிய தேவைக்குத் தகடு வரட்டும்.

இறுதியாக, யார் நின்று கட்டுவது? முழு ஒப்பந்தம் விட்டால் ஒப்பந்தக்காரரின் இலாபத்தை நாம் தருகிறோம். நாமே பொருள் வாங்கிக் கூலி ஒப்பந்தம் விட்டால் அது மிஞ்சும். ஆனால் அதற்கு ஈடாக நம் நேரத்தைத் தர வேண்டும். சிமென்டு மூட்டை எண்ணவும், மணலைப் பார்க்கவும், குறைந்தது ஒரு வாரமேனும் சுவருக்கும், அதனினும் கூடுதலாகக் கூரைக்கும் தண்ணீர் விடவும் வீட்டார் ஒருவர் நாள்தோறும் அங்கே நிற்க வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு தொலைபேசியில் வீடு கட்டுவோர், தாமே கட்டுவதாகக் கூறுவது பெயரளவிலேயே. அவர்களுக்கு நேர்மையான ஒப்பந்தமே மேல்.

பேக்கர் தம்மிடம் வருவோரிடம் ஒவ்வொன்றுக்கும் ‘இது தேவையா?’ என்று கேட்கும் வழக்கமுடையவர். எலிப்பொறிக் கட்டினும் ஓடு பதித்த கூரையினும் மிகுதியாகச் செலவைக் குறைப்பது இக்கேள்விதான். கட்டாத அறைக்குச் செங்கல் வேண்டா, விளக்கு வேண்டா, வட்டியும் வேண்டா. கோபுரம் கட்டுமுன் அமர்ந்து கணக்குப் பார்ப்பவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். எனவே, அன்பர்களே, வங்கியில் கையெழுத்திடும் முன் ஒரு மாலைப் பொழுது கணவனும் மனைவியும் ஒன்றாக அமருங்கள். கடந்த ஓராண்டின் மின்கட்டணச் சீட்டுகள் ஆறையும் எதிரே வையுங்கள். மாதத் தவணை போக அரிசிக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், நோய்க்கும் எவ்வளவு எஞ்சும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன்பின் வரைபடத்தைக் கையில் எடுங்கள். எந்த அறையை அடிக்கலாம் என்பது அப்போது விளங்கும்.